பாருக்கு சொத்து வரி குறைத்தால் லாபம் யாருக்கு? பார்காரருக்கா, கட்டிட ஓனருக்கா? சேலம், நாமக்கல் கணக்கு இதுதான்

பிரிட்டன் நாட்டில் 'பப்' என்று சொல்லப்படும் மது பார்களுக்கு கட்டிட வரியில் 15 சதவீதம் குறைப்பதாக 2026 ஜனவரியில் அந்த நாட்டு அரசு அறிவித்தது. ஏப்ரல் மாத பில்லில் இருந்தே குறைப்பு என்றும், அடுத்த 2 ஆண்டுகளுக்கு விலைவாசி உயர்வை தாண்டி வரி ஏறாது என்றும் சொல்லி விட்டார்கள்.

இதை படிக்கும் நம்ம ஊர் பார் நடத்துபவருக்கு ஒரு பெருமூச்சு வரத்தான் செய்யும். 2022-ல் தமிழ்நாடு முழுக்க சொத்து வரி ஏறியபோது கடை, ஓட்டல், பார் இருக்கும் வணிக கட்டிடங்களுக்கு சேலத்திலும் நாமக்கல்லிலும் ஏறியது 100 சதவீதம். அதாவது ஒரே அடியில் 2 மடங்கு. அங்கே குறைக்கிறான், இங்கே ஏற்றுகிறான் என்று சேலம் ஐந்து ரோட்டிலும் நாமக்கல் பரமத்தி ரோட்டிலும் யாராவது கேட்டால் அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது. இங்கே பாருக்கு வரியை குறைத்தால் அந்த பணம் பார்காரர் பாக்கெட்டுக்கு போவதே சந்தேகம். ஏன் என்று பார்ப்போம்.

அங்கே நடந்தது என்ன?

பிரிட்டனில் கொரோனா காலத்தில் இருந்து கடை, ஓட்டல், பார்களுக்கு கட்டிட வரியில் பெரிய சலுகை இருந்தது. 75 சதவீதம் தள்ளுபடி என்று இருந்தது 2025 ஏப்ரலில் 40 ஆக சுருங்கியது. 2026 மார்ச்சோடு அதுவும் முடிவு. போதாக்குறைக்கு கட்டிட மதிப்பையும் புதிதாக போட்டார்கள். பழைய மதிப்பு 2021 ஏப்ரல் நிலவரப்படி, ஊரே கொரோனாவில் முடங்கி கிடந்தபோது போட்டது. புதிய மதிப்பு 2024 ஏப்ரல் நிலவரம். மதிப்பு ஏறியது, சலுகையும் போனது. பார்காரர்கள் கொதித்து விட்டார்கள். ஆளுங்கட்சியான தொழிலாளர் கட்சி எம்.பி.க்களுக்கு இங்கே இடமில்லை என்று பார் வாசலில் போர்டே மாட்டினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்த 15 சதவீத குறைப்பு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். அந்த ஊரில் அந்த வரியை கட்டுவது கட்டிடத்தின் சொந்தக்காரர் இல்லை. உள்ளே தொழில் நடத்துபவர். வாடகைக்கு இருந்தாலும் பில் அவர் பேருக்குத்தான் வரும். அதனால் அரசு 100 குறைத்தால் 100-ம் பார் நடத்துபவருக்கு மிச்சம். பார்களுக்கு மதிப்பு போடும்போதும் அந்த இடத்தில் எவ்வளவு வியாபாரம் நடக்கக் கூடும் என்று பார்த்துத்தான் போடுகிறார்கள்.

நம்ம ஊரில் அப்படி இல்லை. சதுர அடி எவ்வளவு, எந்த ஏரியா, வீடா கடையா, கட்டிடம் எத்தனை வருஷம் பழசு என்று பார்த்து வரி போடுவார்கள். உள்ளே கூட்டம் அலைமோதினாலும் ஈ ஓட்டினாலும் வரி ஒன்றுதான். டிமாண்டு நோட்டீஸ் வருவது கட்டிட ஓனர் பேருக்கு.

2022-ல் ஏறியது எப்படி?

2022 ஏப்ரல் மாத தொடக்கத்தில் அந்த அறிவிப்பு வந்தது. சென்னையை விட்டுவிட்டு மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம் உயர்வு. தொழிற்சாலை, தனியார் பள்ளி, கல்லூரி கட்டிடங்களுக்கு 75 சதவீதம். வணிக கட்டிடம் என்றால் 100 சதவீதம்.

இது ஏதோ திடீர் ஆசையில் வந்தது இல்லை. 2021-26 காலத்துக்கான மத்திய அரசின் 15-வது நிதிக்குழு ஒரு கண்டிஷன் போட்டிருந்தது. மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப சொத்து வரி வசூல் ஏறினால்தான் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வரும். ஏற்றாவிட்டால் கிடைக்காது. அதைத்தான் அப்போது தி.மு.க. அரசு காரணமாக சொன்னது. 2022 ஏப்ரல் 5-ந் தேதி அ.தி.மு.க. மாநிலம் முழுக்க ஆர்ப்பாட்டம் நடத்தியது.

இதில் ஒரு பழைய கதையும் உண்டு. 2018 ஜூலையில் எடப்பாடி பழனிசாமி முதல்-அமைச்சராக இருந்தபோதும் சொத்து வரி ஏறியது. வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வணிக கட்டிடங்களுக்கு 100 சதவீதம் வரை. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில், உள்ளாட்சி தேர்தல் நெருங்கிய நேரத்தில், அந்த உயர்வை நிறுத்தி வைத்தார்கள். கூடுதலாக கட்டியவர்களுக்கு அடுத்த பில்லில் கழித்துக் கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஏற்றியவர் யார், எதிர்த்தவர் யார் என்பது நாற்காலியைப் பொறுத்து மாறியது என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படி கழித்துக் கொடுத்தபோது எத்தனை ஓனர்கள் வாடகையை குறைத்தார்கள்? சேலம் செவ்வாய்பேட்டையில் கடை வைத்திருப்பவரை கேட்டாலும், ராசிபுரத்தில் மெஸ் நடத்துபவரை கேட்டாலும் சிரிப்புத்தான் பதிலாக வரும்.

நாளைக்கு 5 ரூபாய்!

ஒரு கணக்குக்கு வைத்துக் கொள்வோம். ஒரு கட்டிடத்துக்கு 2022-க்கு முன்பு அரையாண்டு சொத்து வரி ரூ.3 ஆயிரம். 100 சதவீதம் ஏறி ரூ.6 ஆயிரம் ஆகிவிட்டது. மாதத்துக்கு பிரித்தால் ரூ.1,000. அதில் பிரிட்டன் மாதிரி 15 சதவீதம் குறைத்தால் மாதம் மிச்சமாவது ரூ.150. நாளைக்கு 5 ரூபாய்.

அதே கட்டிடத்துக்கு மாத வாடகை ரூ.40 ஆயிரம் என்று வைத்தால், ஓனர் வாடகையில் 5 சதவீதம் ஏற்றினாலே ரூ.2 ஆயிரம் கூடுதல். வரி குறைப்பில் வந்த 150 ரூபாய் எந்த மூலைக்கு?

அந்த 150 ரூபாயும் முதலில் போவது ஓனரிடம். வரி ஏறும்போது "மாநகராட்சி வரியை ஏத்திட்டான், வாடகையை கூட்டிக் கொடுங்க" என்பது எல்லா ஊரிலும் உள்ள பேச்சு. வரி குறைந்தால் "இந்தாங்க, வாடகையை குறைச்சுக்கங்க" என்று சொல்லும் ஓனர் கோடியில் ஒருவர். வரி உயர்வு வாடகைக்கு படி ஏறி வரும். வரி குறைப்பு மட்டும் ஓனர் வீட்டு வாசலோடு நின்று விடும்.

விதிவிலக்கும் உண்டு. சில ஒப்பந்தங்களில் "வாடகை தனி, வரி தனி, வரியை குடியிருப்பவரே கட்ட வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். அப்படி எழுதிய இடத்தில் மட்டும் குறைப்பு பார்காரரை வந்து சேரும்.

பார்காரரின் உண்மையான சுமை

டாஸ்மாக் பார் என்பது தனியார் நடத்துவது. சரக்கு விற்பது அரசு நிறுவனமான டாஸ்மாக். பக்கத்தில் உட்கார இடம் கொடுத்து, சுண்டல், முட்டை, சிக்கன் விற்று, காலி பாட்டிலை எடுத்துக் கொள்ளும் உரிமையைத்தான் பார்காரர் டெண்டரில் எடுக்கிறார். அந்தந்த கடையின் விற்பனையை கணக்கில் வைத்து குறைந்தபட்ச தொகை நிர்ணயிப்பார்கள். அதற்கு மேல் யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு பார். மாதா மாதம் அந்த தொகையை கட்ட வேண்டும். விற்பனை படுத்தாலும் கட்ட வேண்டும்.

அதற்கு மேல் கட்டிட வாடகை, அட்வான்ஸ். சமையலுக்கு ஆள், டேபிள் துடைக்க ஆள், பாட்டில் பொறுக்க ஆள். கரண்ட் பில். இந்த பட்டியலில் சொத்து வரி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

வருமானத்திலும் ஒரு ஓட்டை விழுந்திருக்கிறது. காலி பாட்டில் என்பது பார்காரருக்கு சாதாரண காசு இல்லை. 2022-ல் ஐகோர்ட்டு உத்தரவால் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக் கொண்டு, காலி பாட்டிலை திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயை திருப்பித் தரும் திட்டம். பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. காட்டில் உடைந்த பாட்டில் மிதித்து யானைக்கு காயம் ஆகக்கூடாது என்று தொடங்கிய நல்ல திட்டம்தான். ஆனால் குடித்தவர் பாட்டிலை கையோடு எடுத்துக் கொண்டு கவுண்டருக்கு போனால் பார்காரருக்கு பழைய இரும்புக்கடை வருமானம் போச்சு.

கொரோனா காலத்தை சொல்லவே வேண்டாம். 2020 மார்ச்சில் மூடிய பார்கள் பல மாதம் பூட்டிக் கிடந்தன. மதுக்கடையை மே மாதமே திறந்தார்கள், பாரை திறக்கவில்லை. 2021 ஏப்ரலில் 2-வது அலைக்கு மூடியது நவம்பர் 1-ந் தேதிதான் திறந்தது. அப்போது சொத்து வரி கட்ட கால அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் வேறு, தள்ளுபடி வேறு.

கட்டிட ஓனரின் கை எவ்வளவு ஓங்கியது என்பதற்கு கோர்ட்டு வழக்கே சாட்சி. 2021 டிசம்பரில் பார் டெண்டர் விட்டபோது, ஏற்கனவே இடத்தை வாடகைக்கு எடுத்து பார் நடத்தியவர்கள் ஐகோர்ட்டுக்கு போனார்கள். கட்டிட உரிமையாளரின் தடையில்லா சான்று இல்லாமலே புது ஆளுக்கு டெண்டர் கொடுத்தால் எங்கள் கதி என்ன என்பது அவர்கள் கேள்வியில் ஒன்று. அந்த வழக்கில் 2022 பிப்ரவரியில் தனி நீதிபதி கொடுத்த தீர்ப்பு எல்லோரையும் தூக்கிப் போட்டது. டாஸ்மாக் கடையை ஒட்டிய பார்களையே 6 மாதத்தில் மூடச் சொல்லி விட்டார். விவகாரம் மேல்முறையீட்டுக்கு போனது. பார்கள் மூடப்படவில்லை.

இடம் கையில் இருப்பவனுக்குத்தான் பார். டாஸ்மாக் கடைக்கும் பாருக்கும் ஒரே ஓனர் என்றால் அவருக்கு இரட்டை வாடகை. அந்த ஓனருக்கு வரியையும் குறைத்து கொடுப்பதா என்பதுதான் கேள்வி.

பெரிய மீனுக்கு பெரிய லாபம்

சொந்த கட்டிடத்தில் பார் நடத்துபவருக்கு வரி குறைப்பு முழுசாக கிடைக்கும். அது யார்? சேலத்தில் பெரிய ஓட்டல்களில் ஏ.சி. பார் இருக்கிறது. 'மனமகிழ் மன்றம்' என்ற பெயரில் கிளப்புகள் இருக்கின்றன. கார் நிறுத்த இடம், லிப்ட், விருந்து ஹால் என்று ஆயிரக்கணக்கான சதுர அடி. கட்டிடம் பெரிதாக இருந்தால் வரியும் பெரிது, 15 சதவீதமும் பெரிது.

கூலி வேலை முடித்து வந்து குவாட்டர் வாங்கி, தகர ஷெட்டில் நின்றபடி குடிக்கும் ஆளுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஷெட்டில் சைடு டிஷ் விலை குறையுமா என்றால், பாட்டில் விலைக்கு மேல் கூடுதலாக 10 ரூபாய் வாங்குகிறார்கள் என்ற புகாரே இன்னும் ஓயவில்லை.

ஷெட் என்றதும் இன்னொரு விஷயம். நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2017 ஏப்ரல் 1-ந் தேதி தமிழ்நாட்டில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. சேலம்-நாமக்கல் ரோடு, சேலம்-கோவை ரோடு என்று நெடுஞ்சாலையே உயிர்நாடியாக உள்ள இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் அது பெரிய அடி. மூடிய கடைகளுக்கு ஊருக்குள்ளும் தோட்டங்காட்டு ஓரத்திலும் இடம் தேடினார்கள். பெண்கள் ரோட்டுக்கு வந்து மறித்தது அந்த வருஷம்தான். அப்படி கிராமத்துப் பக்கம் போன இடங்களில் மாநகராட்சி சொத்து வரியே கிடையாது. ஊராட்சிக்கு கட்டும் வீட்டு வரிதான். அது ரொம்ப சொற்பம். அங்கே வரி குறைப்பு என்ற பேச்சுக்கே வேலை இல்லை.

பள்ளம் யார் தலையில்?

சொத்து வரியில்தான் மாநகராட்சி குப்பை அள்ளுகிறது, தெரு விளக்கு போடுகிறது, சாக்கடை தூர் வாருகிறது. அந்த பில்லிலேயே நூலக வரியும் சேர்ந்து வரும். ஊர் லைப்ரரிக்கு வரும் பேப்பரிலும் அந்த காசு இருக்கிறது.

சரக்கு வருமானமோ வேறு கணக்கு. மது மூலம் அரசுக்கு வந்தது 2023-24-ல் ரூ.45 ஆயிரத்து 855 கோடி. 2024-25-ல் ரூ.48 ஆயிரத்து 344 கோடி. இது ஆயத்தீர்வையும் மதிப்பு கூட்டு வரியும் சேர்த்து. மொத்தமும் மாநில கஜானாவுக்கு. பார் வாசலில் கிடக்கும் டம்ளரை பொறுக்கும் மாநகராட்சிக்கு நேரடியாக அதில் பங்கு வருவதில்லை. மாநில நிதிக்குழு மூலம் சுற்றி வரும் பங்கு தனி.

பிளாஸ்டிக் டம்ளருக்கும் தண்ணீர் பாக்கெட்டுக்கும் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை. ஆனாலும் சேலம் புதிய பஸ் நிலையம் பக்கம் விடிகாலையில் கூட்டும் தூய்மை பணியாளரை கேட்டால் தடையின் லட்சணம் தெரியும். பார் இருக்கும் தெருவில் மாநகராட்சிக்கு செலவு கூடுதல். அந்த தெருவில் இருந்து வரும் வரியை குறைப்பது எப்படி சரியாகும்?

பார் கட்டிடங்கள் எண்ணிக்கையில் குறைவு, இழப்பும் குறைவுதானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் பாருக்கு குறைத்தால் மறுநாள் ஓட்டல்காரர் வருவார், அதற்கு மறுநாள் கல்யாண மண்டபக்காரர் வருவார். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கும். மொத்த வசூல் ஏறித்தான் ஆக வேண்டும் என்று மேலே இருந்து கண்டிஷன் போட்டால், ஒரு பக்கம் விட்டதை இன்னொரு பக்கம் பிடிக்க வேண்டும். அம்மாபேட்டை, குகை பக்கம் 700 சதுர அடி வீட்டில் குடும்பம் நடத்துபவருக்கு 50 சதவீதம் ஏறியது. பள்ளிபாளையம், குமாரபாளையத்தில் தொழிற்சாலை பிரிவில் வந்த தறிப்பட்டறைக்கு 75 சதவீதம் ஏறியது. தறிக்கு ஏற்றி பாருக்கு இறக்கினார்கள் என்ற பேச்சை எந்த கவுன்சிலர் தாங்குவார்?

சேலம் ஏற்கனவே பார்த்த பாடம்

மதுவில் விட்ட வரியை மக்களிடம் பிடித்த கதை சேலத்துக்கு புதுசு இல்லை. சொல்லப்போனால் அது தொடங்கியதே இங்கேதான்.

ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917-ல் சேலம் நகராட்சி தலைவர் ஆனவர். 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கிருந்து மதுவிலக்கு பிரசாரத்துக்கு 'விமோசனம்' என்று பத்திரிகையே நடத்தினார். 1937-ல் சென்னை மாகாண பிரதமர் ஆனதும் அந்த ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி மதுவிலக்கை முதலில் கொண்டு வந்தது சேலம் மாவட்டத்தில். அப்போது நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் நீட்டினார்.

கள், சாராய வருமானம் போனது. பள்ளத்தை மூட என்ன வழி? 1939-ல் விற்பனை வரி சட்டம் வந்தது. குடித்தவன் கட்டிய வரி போய், குடிக்காதவனும் கடையில் சாமான் வாங்கும்போது கட்டும் வரி வந்தது. மதுவிலக்கு பின்னாளில் போனது. 1971-ல் கருணாநிதி தளர்த்தினார், 1974-ல் மறுபடி வந்தது, 1981-ல் எம்.ஜி.ஆர். எடுத்தார், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லரை விற்பனையும் அரசு கைக்கே வந்தது. கடைகள் திரும்பி வந்தன, விற்பனை வரி திரும்பிப் போகவில்லை. ஜி.எஸ்.டி. வரும்வரை வேறு வேறு பெயரில் இருந்தது.

ராஜாஜி செய்தது தப்பு என்று சொல்வதற்கு இல்லை. குடும்பங்கள் பிழைக்க வேண்டும் என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. ஒரு இடத்தில் வரி போனால் இன்னொரு இடத்தில் முளைக்கும் என்பதற்குத்தான் இந்த உதாரணம். பாருக்கு சொத்து வரி குறைப்பதில் குடும்பங்களுக்கு அந்த மாதிரி நன்மை எதுவும் இல்லை.

குஜராத் செய்தது

நம் நாட்டில் சொத்து வரியை தள்ளுபடி செய்த உதாரணமும் இருக்கிறது. 2021 ஜூனில் குஜராத் அரசு ஓட்டல், ரெஸ்டாரண்ட், ரிசார்ட்டுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை ஒரு வருஷ சொத்து வரியை விட்டுக் கொடுத்தது. கரண்டுக்கான நிலைக்கட்டணத்திலும் சலுகை கொடுத்தது. குஜராத் மதுவிலக்கு மாநிலம். அங்கே பார் என்ற பேச்சே இல்லை, சாப்பாட்டு கடைக்குத்தான் சலுகை. கொரோனா என்ற காரணம் இருந்தது, ஒரு வருஷம் என்று கெடுவும் இருந்தது.

பிரிட்டனை பார்ப்பதை விட இதை பார்ப்பது நமக்கு பொருந்தும். சேலத்தில் அரை நாள் நின்று இட்லி, பரோட்டா போடும் சின்ன ஓட்டலும் வணிக கட்டிடம்தான், ஏ.சி. பாரும் வணிக கட்டிடம்தான். இரண்டுக்கும் 2022-ல் ஒரே 100 சதவீதம். குறைப்பதாக இருந்தால் முதலில் நிற்க வேண்டியது சின்ன சாப்பாட்டு கடை, சலூன், தையல் கடை, டீக்கடை. வீட்டுக்கு சதுர அடி பார்த்து 25, 50, 75 என்று பிரித்தவர்கள், கடைக்கு மட்டும் சின்னது பெரிசு பார்க்காமல் ஒரே கோடாக இழுத்ததுதான் 2022 உயர்வில் பெரிய கோளாறு. 150 சதுர அடி பெட்டிக்கடை இருக்கும் கட்டிடத்துக்கும் 100, பெரிய ஜவுளிக்கடைக்கும் 100.

அப்போதும் ஓனர் பிரச்சினை வந்து நிற்கும். டீக்கடைக்கு குறைத்தாலும் நோட்டீஸ் ஓனர் பேரில்தானே? கடைக்காரர் கைக்கு நேராக போக வேண்டும் என்றால், அவர் பேரில் வரும் கட்டணத்தில்தான் கை வைக்க வேண்டும். மாநகராட்சிக்கு கட்டும் தொழில் உரிம கட்டணம் கடை நடத்துபவர் பேரில் வருவது. சின்ன கடைக்கு அதில் குறைத்தால் ஓனர் குறுக்கே நிற்க முடியாது. பெரிய தொகை இல்லை என்றாலும் போய்ச் சேர வேண்டியவரிடம் போய்ச் சேரும்.

வாடகை விஷயத்திலேயே இன்னொரு அடியும் விழுந்தது. 2024 அக்டோபர் 10-ந் தேதி முதல், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத ஓனரிடம் கடை வாடகைக்கு எடுத்த, பதிவு பெற்ற வியாபாரியே வாடகைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்று ஆனது. வியாபாரிகள் கூச்சல் போட்ட பிறகு, இணக்க வரி திட்டத்தில் இருக்கும் சின்ன வியாபாரிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். ரூ.40 ஆயிரம் வாடகை என்றால் 18 சதவீதம் ரூ.7,200. இதற்கு முன்னால் சொத்து வரியில் குறையும் 150 ரூபாயை வைத்துப் பாருங்கள்.

இப்போதே இருக்கும் சலுகை

புதிதாக யாரும் சலுகை கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் சொத்து வரியை கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதிகபட்சம் ரூ.5 ஆயிரம். முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30-ந் தேதிக்குள், 2-வது அரையாண்டுக்கு அக்டோபர் 31-ந் தேதிக்குள் கட்ட வேண்டும். வீடு, கடை, பார் எல்லாவற்றுக்கும் பொது. கட்டாமல் இழுத்தடித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி.

"வரி தனி" என்று ஒப்பந்தம் போட்டு வாடகைக்கு இருப்பவர்கள், வரி பணத்தை ஓனர் கையில் கொடுக்காமல் வரி விதிப்பு எண்ணை வாங்கி ஆன்லைனிலோ வரி வசூல் மையத்திலோ நேரில் கட்டினால் அந்த 5 சதவீதம் தங்களுக்கே மிச்சமாகும். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று சேலத்தில் 4 மண்டல அலுவலகங்கள் இருக்கின்றன. நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்குள்ளவர்கள் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம். அதே எண்ணைப் போட்டால் கட்டிடம் வீடு என்று பதிவாகி இருக்கிறதா, கடை என்று பதிவாகி இருக்கிறதா, எத்தனை சதுர அடிக்கு வரி போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரிந்து விடும். "வரி 2 மடங்கு ஏறிடுச்சு" என்று சொல்லி ஓனர் வாடகையை ஏற்றியிருந்தால், உண்மையில் ஏறியது எவ்வளவு என்பதையும் அந்த ரசீதிலேயே பார்த்துக் கொள்ளலாம்.